சுபைருக்குப் போட்ட இரண்டாவது ஊசி

முப்பத்துமூன்று வருடம் ஆண் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனை உயிர்களைக் காப்பாற்றினீர்கள் என்று யாராவது கேட்டால் திண்டாடிப் போவேன். காப்பாற்றியதெல்லாம் டொக்டர்மார், நான் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். ஒருவருடைய உதவியும் இல்லாமல், முழுக்க முழுக்க என் சொந்த முயற்சியால் செய்து முடித்த காரியம் என்று ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மீனவருக்கு மார்பு வளர்த்துவிட்டேன்.

இதை எழுத வைத்தவர் நிர்மலா. நான் வேலை பார்த்த ஊசி அறையில் இப்போது அவர்தான் இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐயா, எங்கட ஹோர்மோன் கிளினிக் கொப்பிகளில மட்டும் ஒரு சிவப்பு முத்திரை குத்தியிருக்கு. 'ஊசி போட்டவர் யார், எங்கே, எத்தனை குப்பி' எண்டு. வேற ஆஸ்பத்திரிக் கொப்பியில அப்பிடி இல்லை. இப்ப எல்லாத்தையும் கொம்பியூட்டரில ஏத்தப் போறம். அந்தக் கேள்வியை விட்டிடலாமோ எண்டு கேக்கினம்."

"விடாதேங்கோ" என்றேன்.

"ஏன் ஐயா, அதுக்கு ஏதும் கதை இருக்கோ?"

இருக்கிறது. அந்த முத்திரை செய்விக்கப்பட்டதே என்னால்தான். சிலருக்குச் சிலை வைப்பார்கள், எனக்கு ரப்பர் முத்திரை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் படித்தேன். கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியவில்லை என்று மூன்று வருடமும் ஏச்சு வாங்கினேன். வன்னியில் வேலை கிடைத்தது. சண்டை இறுகியபோது மனைவியையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு புத்தளம் பக்கம் வந்தேன். இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருந்தோம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்லப்போவது யுத்தம் முடிந்த பிறகு நடந்தது. எங்கள் கடலோர ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஒரு ஹோர்மோன் நிபுணர் கொழும்பிலிருந்து வருவார். டொக்டர் மாலினி. சிங்களப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. தமிழ் பேசுவார், வசனங்கள் சின்னதாக இருக்கும், ஆனால் ஒன்றும் வீணாகப் போகாது. நாங்கள் 'மிஸ்' என்போம். அவருடைய சட்டைப் பையில் ஒரு பேனையும் ஒரு பென்சிலும் இருக்கும். மருந்தின் அளவைப் பேனையால் எழுதுவார். எத்தனை நாளைக்கு ஒரு முறை, எங்கே போடுவது, எப்போது பார்ப்பது என்பதையெல்லாம் பென்சிலால் எழுதுவார். ஏன் இந்தப் பாகுபாடு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே வந்திருக்காது.

அவர் யாரையும் சத்தம் போட்டு ஏசி நான் பார்க்கவில்லை. பிழை கண்டால் கண்ணாடியைக் கழற்றி, மடிக்காமல் மேசையில் மல்லாக்க வைப்பார். பிறகு எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணாடி மேசைக்குப் போகும்போதே எங்களுக்கு வியர்த்துவிடும். ஒரு முறை வியர்த்து நின்றபோது, பிழை என்னுடையதல்ல என்று தெரிந்தும் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

சுபைர் அவரிடம் வந்த நோயாளி. கரைத்தீவில் குடியிருந்தார். சொந்த ஊர் மன்னார்ப் பக்கக் கடற்கரை. சிறு வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்தவர். கல்யாணம் முடித்து ஒரு பெண் பிள்ளையும் பிறந்த பிறகு, முகாமில் பரவிய கூகைக்கட்டு அவரையும் பிடித்தது. குழந்தைகளுக்கு வந்தால் கன்னம் வீங்கி இறங்கிப் போகும் நோய் அது. வளர்ந்த ஆணுக்கு வந்தால் சில வேளை விதைகளில் இறங்கிவிடும். சுபைருக்கு இரண்டு பக்கமும் இறங்கி, இரண்டும் சுருங்கிப் போயின. அதன்பின் வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, அவருடைய உடம்பில் ஆண் சுரப்பு வற்றிக்கொண்டு போனது. கை சோர்ந்தது. தோணியில் சறுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. எல்லாவற்றையும்விட அவருக்கு வலித்தது தாடி கொட்டியதுதான்.

"ஜும்ஆத் தொழுகைக்குப் போய் சின்னப் பொடியனுகளோட நிக்கிற மாதிரி ஈக்கி, மிஸ்" என்றார் முதல் நாள். அதைச் சொல்லும்போது அவருடைய கை தானாக மோவாயைத் தடவியது.

மிஸ் ஊசி எழுதினார். மூன்று கிழமைக்கு ஒரு குப்பி. அதைப் போடுவது என் வேலை.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் மட்டும் நான் உண்மையாகவே கெட்டிக்காரன். மருந்து எண்ணெயில் கரைத்தது. குளிர்ந்த நாளில் தடித்துவிடும். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, உடம்புச் சூடு ஏறும் வரைக்கும் உருட்ட வேண்டும். கழுத்தை உடைத்து, தடித்த ஊசியால் உறிஞ்சி, பிறகு ஊசியை மாற்ற வேண்டும். மாற்றாமல் குத்தினால் நுனியில் ஒட்டிய எண்ணெய் போகிற வழியெல்லாம் எரியும். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, பிட்டத்தின் மேல்பக்க வெளி மூலையைத் தொட்டுப் பார்த்து, ஆழமாக இறக்கி, மிக மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு நாளைக்குக் கதிரையில் உட்கார ஏலாது. நான் போட்ட ஊசி நொந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமைதான் தலைக்கு ஏறியது.

ஒரு வருடத்தில் சுபைருக்குத் தாடி வந்தது. முதலில் மோவாயில் நாலு முடி, பிறகு கன்னத்தில், பிறகு எண்ணெய் பூசிச் சீவும் அளவுக்கு. கை திரண்டது. ஊசி அறைக்குள் வரும்போதே சலாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒரு வியாழக்கிழமையில்தான் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"ஐயா, ஊருக்குப் போறன். சொந்த ஊருக்கு. வாப்பா வல இழுத்த கரைத் துண்டு, அந்தக் கரைவலைப் பாடு திரும்பக் கெடச்சிட்டு. இருவது வருசத்துக்குப் பொறகு அந்தக் கரையில வல இழுக்கப் போறம்."

"எத்தினை நாளைக்கு?"

"ஆறு கிழம நிண்டு, வந்து, திரும்பவும் ஆறு கிழம. ஆனா ஊசிக்கு என்ன செய்யிற? அங்க தகரக் கொட்டிலும் கெணறும்தான் ஈக்கி. ஆஸ்பத்திரிக்குப் போகவே அரை நாள். அங்க இந்த மருந்தும் இல்லையாம். நடுவுல வந்துட்டுப் போனா என்ட பங்கு போயிடும்."

யுத்தம் முடிந்ததும் நானும் என் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னமே பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். இந்த மனிதரோ போய், நின்று, வலை இழுக்கப் போகிறார். அவரை ஒரு ஊசி தடுப்பதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. தாதிக்கு இளகிய மனம் வேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். அந்த மனத்துக்குக் கொஞ்சம் மூளையும் வேண்டும் என்று யாரும் படிப்பிக்கவில்லை.

மூன்று கிழமைக்கு ஒரு குப்பி என்றால், ஆறு கிழமைக்கு இரண்டு குப்பி. நான் கணக்கில் ஒருபோதும் தோற்றவன் அல்ல. "குப்புறப் படுங்கோ" என்றேன். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

இரண்டையும் நோயாளியின் குறிப்பேடான கொப்பியில் ஒரே திகதியில் எழுதினால் மிஸ் கண்ணாடியைக் கழற்றுவார். அதனால் முதல் ஊசியை அன்றைய திகதியில் எழுதி, இரண்டாவதற்கு மூன்று கிழமை கழித்து வரும் வியாழக்கிழமையின் திகதியைப் போட்டேன். உண்மை போல இருக்க வேண்டும் என்பதற்காகப் பேனையையும் மாற்றினேன். நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று. திருடனாகப் போயிருந்தால் நான் முதல் நாளே பிடிபட்டிருப்பேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பருவத்தில் மூன்று முறை அப்படிச் செய்தேன். ஆறு கிழமைக்கு ஒரு முறை சுபைர் வருவார், ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பார், இரண்டு ஊசி வாங்குவார், வடக்கே போவார். முதல் ஆய்வின் முடிவில் ஆண் சுரப்பு குறைவாக இருந்தது. ஆறு கிழமையின் கடைசி நாளில் எடுத்த இரத்தம் வேறெப்படி இருக்கும்? கொப்பியோ மூன்று கிழமைதான் ஆகிறது என்றது. அன்றைக்கு எழுபது நோயாளிகள். மிஸ் நெற்றியைச் சுருக்கி, "இன்னொருக்கா எடுத்துப் பார்ப்பம்" என்று பென்சிலால் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது முறை வந்தபோது சுபைர் சிரிக்கவில்லை. ஊசி அறைக் கதவைத் தானே சாத்தினார்.

"ஐயா, ஒங்கள்ட்ட மட்டும் காட்டுறன்" என்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே ஒரு பனியன், அதற்குள்ளே இன்னொரு பனியன். அதையும் தூக்கினார். இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது, இடப்பக்கம் கூடுதலாக. பனியன் உரசினாலே நோகிறதாம். கணுக்கால்களிலும் வீக்கம். ஊசி போட்ட பிறகு வரும் இரண்டு கிழமையில் எல்லாம் இன்னும் கூடுமாம். அதன்பின் கடைசிக் கிழமைகளில் வலையைத் தொடவே உடம்பில் தெம்பில்லை.

"கரையில எல்லாரும் வெறும் மேலோடதான் வல இழுக்கிற. நான் மட்டும் வெயிலுக்குள்ள சட்ட போட்டுட்டு நிக்கிறன். என்னத்துக்கு எண்டு கேக்கிறானுகள். அல்லாஹ் என்னைய எதுக்குச் சோதிக்கிறானோ தெரியாது. தாடியத் தந்துட்டு இதையும் தாறான்."

அல்லாஹ்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குற்றவாளி உங்கள் முன்னால் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விஷயம் எனக்கு ஓரளவு விளங்கியிருந்தது. ஆண் சுரப்பு அளவுக்கு மேல் ஏறினால், உடம்பு அதில் ஒரு பங்கைப் பெண் சுரப்பாக மாற்றிவிடும். இரண்டு குப்பி ஒன்றாக இறங்கினால் மாற்றுவதற்கும் நிறையக் கிடைக்கும். ஆனால் நான் பயந்தேன். பயந்த மூளை வழி கண்டுபிடிப்பதில் மகா கெட்டிக்காரத்தனமானது.

"மிஸ்ஸிடம் காட்டுவமா?" என்று கேட்டேன், காட்ட மாட்டார் என்று தெரிந்துகொண்டே.

"ஒரு பொம்புளைக்கிட்டயா? ஐயோ, ஏலாது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கம் அவருக்கு இருந்த தைரியத்தில், அன்றைக்கும் இரண்டு குப்பியை இறக்கினேன்.

சதை வளர்க்க இதே ஊசியைப் போடும் உடற்பயிற்சிக் கூடத்துப் பொடியன்கள் மார்பு வீங்காமல் இருக்க ஒரு குளிசை விழுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மார்புப் புற்றுநோய் வந்த பெண்களுக்குக் கொடுப்பது. உடம்பு பெண் சுரப்பை உண்டாக்குவதையே அடைத்துவிடும். அடுத்த நாளே சிலாபத்துக்கு பஸ் ஏறி, தெரிந்தவர் ஒருவரின் மருந்துக் கடையில், மனைவியின் தங்கைக்கு என்று சொல்லி வாங்கினேன். அந்த நல்ல மனிதர் கண் கலங்கிவிட்டார். என் மச்சாள் கனடாவில் குத்துக்கல் மாதிரி இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அந்தக் கடைக்காரர் என்னைக் காணும்போதெல்லாம், "மச்சாளுக்கு இப்ப எப்பிடி?" என்று இரகசியக் குரலில் கேட்பார். "பரவாயில்லை" என்பேன். ஒரு தடவை, கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாளே கோயில் திருவிழாவில் என் பக்கத்தில் நின்றபோதும் கேட்டார்.

குளிசையை, "நாளுக்கு ஒண்டு. டொக்டரிட்டச் சொல்லத் தேவையில்லை" என்று சுபைரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

ஐந்து கிழமை கழித்து அவருடைய மனைவி பௌசியா ஊசி அறைக்கு வந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஐயா, அவரு திரும்பி வந்துட்டாரு. வல இழுக்க ஏலாதாம். முட்டி, தோள்மூட்டு, வெரல் மூட்டு எல்லாம் ஒளையுதாம். கெழவன் மாதிரி சுவரப் புடிச்சிட்டு எழும்புறாரு. முந்தி ஒரு கிழம அழுதாரு, ரேடியோவுல மீன் வெல சொன்னாலும் அழுதாரு. இப்ப அழவும் இல்ல, கதைக்கவும் இல்ல. இந்த வியாழன் கிளினிக்குக்கு வந்து, ஊசி இனிமே வேணாம் எண்டு மிஸ்கிட்டச் சொல்லப் போறாராம். தாடியும் வேணாமாம்."

"நிப்பாட்டினா எலும்பு திரும்பவும் தேயும், தங்கச்சி."

"அதைத்தான் நானும் சொன்னன். அந்தக் கரையில திரும்ப நிக்கிறத்துக்காகத்தான் இவ்வளவும் பட்டாரு. இப்ப கடல் பக்கமே பாக்குறாரு இல்ல. நீங்க சொன்னாக் கேப்பாரு. ஒங்கள நம்புறாரு."

ஒங்கள நம்புறாரு. என் வேலைக் காலத்தில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். அவை ஒன்றும் அந்த இரண்டு சொல் அளவுக்குச் சுட்டதில்லை.

வியாழக்கிழமை வந்தது. சுபைர் மிஸ்ஸின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையைக் கட்டி மார்போடு இறுக்கி வைத்திருந்தார். அவர் திரும்பி வந்ததும் எடுத்த இரத்தத்தின் ஆய்வு முடிவை மிஸ் படித்தார்.

"ஆண் சுரப்பு இன்னும் குறைவு. அளவைக் கூட்டுவம்" என்று பேனையை எடுத்தார்.

"வேணாம் மிஸ். நிப்பாட்டப் போறன்."

"ஏன்?"

சுபைர் கட்டிய கையை இன்னும் இறுக்கினார். மிஸ் பேனையை வைத்தார். கடதாசியை மறுபடியும் படித்தார். "பெண் சுரப்பு இல்லவே இல்லை. எப்பிடி இல்லாமப் போச்சு?" என்று தனக்குத் தானே சொன்னார். பிறகு சுபைரின் தாடியைப் பார்த்தார். கட்டிய கைகளைப் பார்த்தார். கணுக்காலைப் பார்த்தார்.

"இந்தக் கடதாசி சொல்லுது, மருந்து போதாது. உங்கட கை எதையோ மறைக்குது. கை சொல்லுது, மருந்து கூடிப்போச்சு. ரெண்டும் உண்மையா இருக்க ஏலாது. இங்க யாரோ ஒராள் பொய் சொல்லுறாங்க."

அந்த இடத்தில் நானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்று எழுத எனக்கு ஆசை. வாயைத் திறந்தது உண்மை. என்ன சொல்வதற்காகத் திறந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கே தெரியாது. அதற்குள் மிஸ்ஸின் விரல் கொப்பியில் நான் கறுப்புப் பேனையால் எழுதிய ஒரு திகதியில் போய் நின்றுவிட்டது.

"சிவம், இந்த நாள் ஊசி போட்டீங்களா?"

"ஓம் மிஸ்."

"இது போயா. நான் அன்றைக்கு விகாரையில் சில் எடுத்து விரதம் இருந்தேன். ஊசி அறை பூட்டு."

மூன்று கிழமை கூட்டி எழுதினேன், நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் முழுநிலா நாளில் ஊசி அறை திறந்திருக்காது என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரோ கடல்காரர். நிலா என்றைக்கு நிறையும் என்று விரலை மடித்தே சொல்லக்கூடியவர். அவரிடம் கேட்டிருந்தாலே போதும்.

கண்ணாடி மேசைக்குப் போனது, மல்லாக்க.

"முதலில் இருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். இரண்டு குப்பி, இரண்டு பேனை, சிலாபம், மச்சாள் வரைக்கும் சொன்னேன். மிஸ் ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டார்.

"ஆறு கிழமை அங்க நிக்கணும் எண்டு அவர் உங்களிட்டச் சொன்னார். நீங்க ஏன் என்னிட்டக் கேக்கல்ல?"

"ஊசி ஆஸ்பத்திரியிலதான் போட வேணும் எண்டு விதி, மிஸ்."

"அந்த விதி நான் எழுதினது" என்று கொப்பியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "பென்சிலால எழுதினது. மாத்தலாம் எண்டுதான் பென்சில்."

பிறகு சுபைரைக் காட்டி, "இவருக்கு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அதுதான் கடினமாக இருந்தது. சுபைர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "உங்கட உடம்பில பிழை இல்லை. அல்லாஹ் சோதிக்கவும் இல்லை. மார்பு வந்தது நான் ஒண்டாப் போட்ட ரெண்டு ஊசியால. மூட்டு உளையிறது நான் தந்த குளிசையால. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என் பக்கம் திரும்பினார். அடிப்பாரோ என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கையைப் பிரித்தார்.

"அப்ப இது என்ட ஒடம்பு செஞ்சது இல்லையா?"

"இல்லை."

"சரி" என்று எழும்பிச் சட்டையைக் கழற்றினார். பனியன் இரண்டையும் கழற்றினார். "பாருங்க, மிஸ்."

அவ்வளவு நாள் ஒரு பெண்ணுக்குக் காட்ட முடியாமல் இருந்தது தன் உடம்பின் குற்றம் என்று நம்பியதால்தான். குற்றம் வேறொருவன் தலையில் இறங்கியதும், வெட்கமும் அங்கேயே இறங்கிவிட்டது.

மிஸ் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு பக்கமும் வைத்து, முலைக்காம்பை நோக்கி மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இதுதான். றப்பர்த் தட்டு மாதிரி, ஒரு சின்னச் சதக் காசு அளவு. இது சுரப்பிச் சதை. புதிசு எண்டபடியால் இறங்கும். கொழுப்பு எண்டா விரல் தடை இல்லாமக் காம்பு வரைக்கும் போகும்." கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வித்தியாசம் இவருக்குத் தெரிய வேணும். சிவம், சட்டை."

நான் அப்போது எண்பத்தாறு கிலோ. மறுக்கும் நிலையிலும் இல்லை. சுபைரின் பக்கத்தில் வெறும் மேலோடு நின்றேன். மிஸ், ஒரு பாடசாலை ஆசிரியை கரும்பலகையைக் காட்டுவதுபோல, "இது முழுக்கக் கொழுப்பு. இருபது வருசச் சோறு" என்று விரலை வைத்துக் காட்டினார்.

சுபைர் எங்கள் இரண்டு மார்பையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயா, ஒங்களுக்கு ஆரு ஊசி போட்டது?" என்று கேட்டார்.

மிஸ் சொன்ன வைத்தியம் சின்னதாக இருந்தது. அடைக்கும் குளிசையை அன்றே நிறுத்தினார். "ஆம்பிளைக்கும் பெண் சுரப்பு கொஞ்சம் வேணும். எலும்புக்கு, மூட்டுக்கு, மனசுக்கு. கூடினாத்தான் கரைச்சல், இல்லாமப் போனா அதைவிடக் கரைச்சல்" என்றார். மார்பு இறங்குவதற்கு வேறொரு குளிசை, மூன்று மாதம் மட்டும், கணக்காக எழுதினார். இரத்தம் தடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆய்வு எழுதினார். ஊசியைச் சின்னக் குப்பியாக்கி, பத்து நாளைக்கு ஒன்று என்று மாற்றினார். அப்போது சுரப்பு மலை மாதிரி ஏறாது, கிணறு மாதிரி இறங்காது. எங்கே போடுவது என்ற இடத்தில் இருந்ததை அழித்துவிட்டு, பென்சிலால் எழுதினார்: வீட்டிலோ கரையிலோ, தானே, தொடையில். குப்பிகளை வடக்கே கொண்டு போகக் கொடுத்து, பௌசியாவையும் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் பழக்கச் சொன்னார். நான் மூன்று முறை செய்த திருட்டுக்கு முழு மருந்தும் அந்த ஒரு வரிதான்.

கொப்பியில் என் பொய்த் திகதிகளை அழிக்க விடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு கோடு, கீழே எழுதியது தெரியும்படி, பக்கத்தில் உண்மை, அதன் கீழ் என் கையெழுத்து. "இதை மேலேயும் எழுத வேணும், சிவம். எழுதுவன்" என்றார். எழுதினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஊசி அறையிலிருந்து எடுத்து மூன்று மாதம் பதிவு மேசையில் போட்டார்கள். அந்த மாதமே சிவப்பு முத்திரையும் வந்தது. நிர்மலா, மார்பு நோகிறது என்று ஒருவர் வந்தால், குளிசையைத் தேட முதல் அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். கேட்கும்போது பதில் சொல்பவரைவிட ஊசி போட்டவரின் முகத்தை நன்றாகப் பாருங்கள்.

தண்டனை முடிந்து நான் ஊசி அறைக்குத் திரும்பிய கிழமையில் சுபைர் பரிசோதனைக்கு வந்தார். வெயிலில் கறுத்திருந்தார். ஒற்றைப் பனியன்தான் போட்டிருந்தார். வலப்பக்கம் முழுதாக இறங்கிவிட்டது, இடப்பக்கம் கொஞ்சம் மிச்சம். அது அப்படியே இருந்துவிடலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

"கரையில கேக்கிறானுகளோ?" என்றேன்.

"கேட்டானுகள். ஊசி போட்டவன்ட வேல எண்டு சொன்னன். இப்ப ஒங்களத்தான் ஏசுறானுகள், என்னைய இல்ல."

அன்று அவருக்கு ஊசி நாள். தானே போடப் பழகிவிட்டார், என்னைவிட நேர்த்தியாக என்று பௌசியா சொல்லியிருந்தார். ஆனாலும் கொண்டு வந்திருந்த குப்பியை என் மேசையில் வைத்தார்.

"இண்டைக்கு நீங்க போடுங்க."

நான் குப்பியை உள்ளங்கையில் உருட்டினேன். வழக்கத்தை விடக் கூட நேரம் உருட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் கட்டிலில் குப்புறப் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒண்டு மட்டும், ஐயா."